லீல் ஜெயித்த வருஷம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் ஒரு கல்லூரி மாணவர், "நீங்கள் பார்த்ததிலேயே மனதுக்கு மிகவும் நெருக்கமான லீக் வெற்றி எது?" என்று கேட்டிருந்தார். பிரான்ஸின் முதல் நிலைக் கால்பந்துப் போட்டியான லீக் 1-இல் 2020-21 சீசனை லீல் ஜெயித்ததுதான் என்று இரண்டே வரியில் பதில் எழுதினேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. லீல் என்றால் யார் என்று கேட்டவர்கள் பாதி. பிஎஸ்ஜி (பாரிஸ் நகரத்தின் பணக்கார அணி) கோட்டைவிட்டதற்கு லீலுக்கு எதற்கு மாலை என்று சண்டைக்கு வந்தவர்கள் மீதி. எனவே இந்த இதழ் முழுக்க அந்த ஒரு சீசன்தான்.

கே: பிரெஞ்சு கால்பந்து என்றால் எனக்கு பிஎஸ்ஜி மட்டும்தான் தெரியும். லீல் எங்கே இருக்கிறது? அந்த சீசனில் என்னதான் நடந்தது? (மதுரை)

ப: பிரான்ஸின் வடகோடியில், பெல்ஜியம் எல்லையை ஒட்டி இருக்கிற ஊர் லீல். ஒரு காலத்தில் நூல் மில்லும் ஜவுளியும்தான் அந்த வட்டாரத்தின் பிழைப்பு. பக்கத்தில் இருக்கிற லான்ஸ், நிலக்கரிச் சுரங்க ஊர். இரண்டு ஊருக்கும் கால்பந்தில் பல தலைமுறைப் பகை. லீல் கிளப் அதற்கு முன்பு 1946, 1954, 2011 என்று மூன்று முறை லீக் பட்டம் வாங்கியிருந்தது.

2011-இல் பிஎஸ்ஜிக்கு கத்தார் பணம் வந்த பிறகு நிலைமையே மாறிப்போனது. 2013-இலிருந்து 2020 வரை எட்டு சீசனில் ஏழு பட்டம் பிஎஸ்ஜிக்குப் போனது, நடுவில் 2017-இல் மட்டும் மொனாக்கோ ஒன்றைப் பறித்தது. மற்ற கிளப்புகள் எல்லாம் இரண்டாம் இடத்துக்குத்தான் ஆடின என்று சொன்னால் மிகையில்லை. அப்படிப்பட்ட காலத்தில், 38 ஆட்டம் முடிந்தபோது லீல் 83 புள்ளி, பிஎஸ்ஜி 82. மொனாக்கோ 78, லியோன் 76. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்.

கடைசி நாளான 2021 மே 23 அன்று ஆட்டம் தொடங்கும்போது லீலுக்கு 80, பிஎஸ்ஜிக்கு 79, மொனாக்கோவுக்கு 77. லீல் ஆன்ஜேவில் ஆடியது. பத்தாவது நிமிடத்தில் ஜோனதன் டேவிட் ஒரு கோல், முதல் பாதி முடியப் போகிற நேரத்தில் புராக் யில்மாஸ் பெனால்ட்டியில் இன்னொன்று. கடைசி நிமிடங்களில் ஆன்ஜே ஒன்றைத் திருப்பிக் கொடுத்து, பார்த்துக்கொண்டிருந்தவர்களின் வயிற்றைக் கலக்கியது. அங்கே ப்ரெஸ்டில் பிஎஸ்ஜி 2-0 என்று ஜெயித்துவிட்டது, நெய்மர் ஒரு பெனால்ட்டியை வீணாக்கிய பிறகும். ஆன்ஜேவில் லீல் தடுமாறியிருந்தால் கோப்பை பாரிஸுக்குப் போயிருக்கும். தடுமாறவில்லை, 2-1.

கே: நெய்மர், எம்பாப்பே இருக்கிற அணி எட்டு ஆட்டம் தோற்றால் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம். லீல் ஜெயித்தது என்று சொல்வதைவிட பிஎஸ்ஜி தூக்கிக் கொடுத்தது என்பதுதானே உண்மை? (சென்னை, அண்ணா நகர்)

ப: இந்தக் கேள்வியை ஒன்பது பேர் கேட்டிருக்கிறீர்கள், எனவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பிஎஸ்ஜி எட்டு ஆட்டம் தோற்றது உண்மை. அதற்குக் காரணமும் இருந்தது. 2020 ஆகஸ்ட் 23-ஆம் தேதிதான் அவர்கள் ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் பேயர்ன் மூனிக்கிடம் தோற்றார்கள். ஓய்வெடுக்க நேரமே இல்லை, பல வீரர்களுக்குக் கொரோனா. செப்டம்பரில் முதல் ஆட்டம் லான்ஸிடம் 1-0 தோல்வி. மூன்று நாள் கழித்து சொந்த மைதானத்தில் மார்செயிடம் 1-0 தோல்வி, அந்த ஆட்டத்தில் இரண்டு அணியிலுமாகச் சேர்த்து ஐந்து ரெட் கார்டு, நெய்மரும் அதில் ஒருவர். டிசம்பர் கடைசியில் பயிற்சியாளர் டூஹெலை அனுப்பிவிட்டு பொச்செட்டினோவைக் கொண்டுவந்தார்கள். சீசன் நடுவே வீட்டில் இவ்வளவு குழப்பம் நடந்தால் புள்ளி சிதறத்தான் செய்யும்.

சரி, ஆனால் லீல் பக்கம் என்ன சொர்க்கமா இருந்தது? அதைத்தான் யாரும் கேட்பதில்லை. கிளப்பின் தலையில் பெரிய கடன். தலைவர் ஜெரார் லோபெஸ், ஜேபி மோர்கன் வங்கியிடமும் எலியட் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்திடமும் வாங்கிய கடன் அது. 2020 டிசம்பர் 18 அன்று லோபெஸ் வெளியே போகிறார், கிளப் வேறொரு முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போகிறது, ஒலிவியே லெதாங் புதுத் தலைவராக வந்து உட்காருகிறார். அந்த வீரர்களையெல்லாம் தேடிப் பிடித்து அணியைக் கட்டிய லூயிஸ் காம்போஸும் அதே மாதம் கிளம்பிவிட்டார். முதலாளி மாறிய இரண்டாம் நாள் லீலுக்கு யாரோடு ஆட்டம் தெரியுமா? பிஎஸ்ஜியோடு. 0-0 டிரா. சம்பளம் ஒழுங்காக வருமா, ஜனவரியில் நம்மை விற்றுவிடுவார்களா என்று யோசிக்க வேண்டிய நிலையில் இருந்த பையன்கள் அப்படி ஆடினார்கள்.

பிறகு ஏப்ரல் 3, பாரிஸிலேயே. இரண்டு அணியும் ஒரே புள்ளியில் நின்றுகொண்டிருந்த நேரம். டேவிட் 20-ஆவது நிமிடத்தில் அடித்த ஒரு கோல், அதன் பிறகு எழுபது நிமிடம் அதைக் காப்பாற்றிக்கொண்டு 1-0. கடைசியில் நெய்மரும் லீலின் ஜாலோவும் ரெட் கார்டு வாங்கி, மைதானத்தை விட்டுப் போகிற வழியிலேயே மல்லுக்கு நின்றார்கள். இரண்டு அணியும் நேருக்கு நேர் மோதிய இரண்டு ஆட்டத்தில் லீல் நாலு புள்ளி எடுத்தது, பிஎஸ்ஜிக்கு ஒன்று, லீல் ஒரு கோல்கூட வாங்கவில்லை. பட்டம் ஒரு புள்ளியில் முடிவான சீசனில் இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

லீல் தோற்றது மூன்றே ஆட்டம். பிஎஸ்ஜி கதவைத் திறந்து வைத்தது என்று வேண்டுமானால் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கதவு வழியாக லியோனும் மொனாக்கோவும் கூடத்தான் நுழையப் பார்த்தார்கள், முடியவில்லை.

கே: அந்த அணியில் பெரிய பெயர் என்று யாருமே இல்லையே. யாரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்? (திருநெல்வேலி)

ப: பெரிய பெயர் இல்லைதான், ஆனால் பெரிய ஆட்டக்காரர்கள் இருந்தார்கள், பின்வரிசையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பட்டம் அங்கேதான் கட்டப்பட்டது.

கோல்கீப்பர் மைக் மெனியான். 38 ஆட்டத்தில் 21-இல் ஒரு கோல்கூட விடவில்லை. பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்கள்! இளவயதில் பிஎஸ்ஜி வளர்த்து, வாய்ப்பு கொடுக்காமல் லீலுக்கு விற்ற பையன் இவர். பிஎஸ்ஜியின் கையிலிருந்து பட்டத்தைப் பிடுங்கியதில் இவருக்குத்தான் முதல் பங்கு. அவருக்கு முன்னால் நடு டிஃபென்ஸில் ஜோசே ஃபோன்ட், 37 வயது, கேப்டன், 2016-இல் போர்ச்சுகல் யூரோ கோப்பையை ஜெயித்தபோது அந்த அணியில் இருந்தவர். அவருக்குப் பக்கத்தில் ஸ்வென் பொட்மன், நெதர்லாந்துக்காரர், அப்போது 21 வயதுதான். அப்பா மாதிரி ஒருவர், மகன் மாதிரி ஒருவர். ஃபோன்ட் வேகமாக ஓட மாட்டார், ஆனால் பந்து எங்கே விழும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும், தெரியாத இடத்துக்குப் பொட்மன் ஓடுவார். சீசன் முழுக்க லீல் வாங்கிய கோல் 23. பிஎஸ்ஜி 28. அடித்த கோலில் பிஎஸ்ஜி எங்கேயோ இருந்தது, 86-க்கு எதிராக லீல் 64. அடிப்பதில் 22 கோல் பின்தங்கிய அணி வாங்காமல் இருந்து ஜெயித்தது. எனக்கு இந்த அணி இவ்வளவு பிடிப்பதற்கு இதுதான் காரணம்.

நடுவில் பெஞ்சமின் ஆந்த்ரே, சுமாரே, ரெனாட்டோ சாஞ்செஸ். ஆந்த்ரே பந்தைப் பறிப்பதைத் தனியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம்.

அப்புறம் புராக் யில்மாஸ். துருக்கியின் பெசிக்டாஷ் கிளப்பிலிருந்து இலவசமாக வந்தார், அதாவது பழைய கிளப்புக்கு ஒரு யூரோகூடக் கொடுக்காமல். வயது 35. அதுவரை ஐரோப்பாவின் முதல் ஐந்து லீக்குகளில் அவர் ஆடியதே இல்லை. வந்த முதல் வருஷத்திலேயே லீக்கில் 16 கோல். நடுவில் காயத்தால் சில வாரம் வெளியே உட்கார்ந்தும் இந்தக் கணக்கு. அவரோடு ஜெக்கி செலிக், யூசுஃப் யாஸிஜி என்று இன்னும் இரண்டு துருக்கிக்காரர்கள் இருந்தார்கள். யாஸிஜி 2020 நவம்பரில் மிலானின் சான் சீரோ மைதானத்திலேயே ஏசி மிலானுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்து, ஐரோப்பிய கிளப் போட்டியான யூரோப்பா லீக்கில் 3-0 ஜெயிக்க வைத்தவர். அந்த இரவில்தான் இந்த அணியிடம் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

கே: அதிக கோல் அடித்தவர் யார்? (ஈரோடு)

ப: எம்பாப்பே, 27 கோல்.

கே: பயிற்சியாளரைப் பற்றி யாரும் பேசுவதில்லையே? (தஞ்சாவூர்)

ப: பேச வேண்டியவர்தான். கிறிஸ்டோஃப் கால்டியே. அதற்கு முன்பு சாந்த்-எத்தியேன் அணியில் ஏறக்குறைய எட்டு வருஷம் இருந்து 2013-இல் லீக் கப் ஜெயித்துக் கொடுத்தவர். 2017 டிசம்பரில் லீலுக்கு வந்தார். வந்தபோது அணி கீழ் டிவிஷனுக்கு விழுகிற விளிம்பில் நின்றது. எப்படியோ இழுத்துப் பிடித்து 17-ஆவது இடத்தில் கரை சேர்த்தார். அடுத்த வருஷம் இரண்டாம் இடம், அந்த சீசனில் பிஎஸ்ஜியை 5-1 என்று வீட்டில் வைத்து அடித்தார்கள். அதற்கு அடுத்த வருஷம் நான்காம் இடம். பிறகு முதல் இடம். 17, 2, 4, 1. ஒவ்வொரு கோடையிலும் நல்ல ஆளை விற்றுவிடுவார்கள், நிக்கோலா பெப்பே ஆர்செனலுக்குப் போனார், ஓசிமென் நாப்போலிக்குப் போனார், டிஃபென்டர் காப்ரியேல் ஆர்செனலுக்குப் போனார். இவர் மீதி இருப்பவர்களை வைத்து மறுபடி கட்டுவார். பெரிய தத்துவமெல்லாம் கிடையாது, 4-4-2 (பின்னால் நாலு பேர், நடுவில் நாலு, முன்னால் இரண்டு), நெருக்கமாக நில், பந்து கிடைத்ததும் வேகமாக ஓடு. தெரிந்த சமையலைத் தினமும் ஒரே ருசியில் சமைப்பது எவ்வளவு கஷ்டம் என்று சமைப்பவர்களுக்குத்தான் தெரியும்.

கே: ஆள் இல்லாத மைதானத்தில் ஜெயித்த பட்டத்துக்கு என்ன மதிப்பு? கைதட்டல் இல்லாத கச்சேரி மாதிரி இல்லையா? (புதுச்சேரி)

ப: ஆளில்லாத மைதானம் எனக்கும் வலித்தது. சீசன் தொடங்கியபோது ஐயாயிரம் பேர் வரை அனுமதி இருந்தது. இலையுதிர் காலத்தில் மறுபடி ஊரடங்கு வந்ததும் அதுவும் போனது. டிவியில் பயிற்சியாளர் கத்துவதும் பந்தை உதைக்கும் சத்தமும் தனித்தனியாகக் கேட்கும். லீலின் பியர் மோருவா மைதானத்தில் ஐம்பதாயிரம் பேர் உட்காரலாம். அந்த ஐம்பதாயிரம் பேரும் தங்கள் ஊர் பத்து வருஷம் கழித்து ஜெயித்ததை வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

ஆனால் மதிப்பு குறையும் என்பதை ஏற்கமாட்டேன். கூட்டம் இல்லாதது எல்லாருக்கும் பொதுதான். இன்னும் சொன்னால் லீலுக்கு அதனால் நஷ்டம்தான் என்பது என் எண்ணம். அவர்கள் தோற்ற மூன்றில் இரண்டு சொந்த மைதானத்தில்: ஜனவரியில் ஆன்ஜேவிடம், மார்ச்சில் நீமிடம், இரண்டுமே 2-1. நீம் அந்த வருஷம் கீழே விழுந்த அணி! வெளியூரில் தோற்றது நவம்பரில் ப்ரெஸ்டில் மட்டும். ஐம்பதாயிரம் பேர் கத்தியிருந்தால் நீமிடம் தோற்றிருப்பார்களா என்று இன்னமும் எனக்குள் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கு முந்தைய சீசனையும் நினைத்துப் பாருங்கள். 2019-20 முழுசாக நடக்கவே இல்லை. 2020 ஏப்ரல் கடைசியில் பிரான்ஸ் பிரதமர் விளையாட்டு கிடையாது என்று அறிவித்தார், இங்கிலாந்தும் ஸ்பெயினும் ஜெர்மனியும் காத்திருந்து ஆடி முடித்தார்கள், பெரிய ஐந்து லீக்குகளில் பிரான்ஸ் மட்டும் அப்படியே நிறுத்தி பட்டியலை மூடியது. அப்போது லீல் நான்காம் இடம், மூன்றாம் இடத்தில் இருந்த ரென் அணிக்கு ஒரே ஒரு புள்ளி குறைவு. அந்த ஒரு புள்ளியில் சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு போனது, இன்னும் பத்து ஆட்டம் மீதி இருக்கும்போதே. ஒரு புள்ளியில் எல்லாம் போனவர்கள், அடுத்த வருஷம் ஒரு புள்ளியில் எல்லாம் வாங்கினார்கள்.

கே: அந்த வருஷம் டிவி பணம் வராமல் கிளப்புகள் திண்டாடின என்று படித்தேன். அது என்ன கதை? (கோயம்புத்தூர்)

ப: ஒளிபரப்பு உரிமையை மீடியாப்ரோ என்ற ஸ்பெயின் நிறுவனம் 2018 ஏலத்தில் எடுத்தது. 2020-இலிருந்து நாலு வருஷத்துக்கு, ஆண்டுக்கு 80 கோடி யூரோவுக்கு மேல். பிரான்ஸில் அதுவரை யாரும் கேட்காத விலை. கிளப்புகள் அந்தப் பணம் வந்துவிட்ட மாதிரியே சம்பளம் போட்டன, ஆள் வாங்கின. மீடியாப்ரோ தனியாக ஒரு சேனல் தொடங்கியது, சந்தா அதிகம், எதிர்பார்த்த கூட்டம் சேரவில்லை. 2020 அக்டோபர் தவணை வரவே இல்லை. லீக் நிர்வாகம் கடன் வாங்கி கிளப்புகளுக்குக் கொடுத்துச் சமாளித்தது. டிசம்பரில் ஒப்பந்தமே முறிந்தது. பிறகு 2021 பிப்ரவரியில் பழைய ஆளான கனால் ப்ளூஸ் சேனல் குறைந்த விலைக்கு மீதி சீசனை எடுத்துக்கொண்டது. அதற்கு அடுத்த சீசனிலிருந்து அமேசான் ஒரு சுற்றில் பத்தில் எட்டு ஆட்டத்தை ஆண்டுக்கு 25 கோடி யூரோவுக்கு வாங்கியது. எட்டு ஆட்டத்துக்கு 25 கோடி! எங்கே 80, எங்கே 25.

டிக்கெட் காசு இல்லை, டிவி காசு இல்லை. பிஎஸ்ஜிக்குப் பின்னால் கத்தார் இருந்தது. லீலுக்குப் பின்னால் கடன்காரர்கள் இருந்தார்கள். அந்த நிலைமையிலிருந்து ஜெயித்ததால்தான் இந்தப் பட்டத்தை மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன்.

கே: அந்த சீசனில் கீழே போனது யார்? (நாகர்கோவில்)

ப: டிஜோன், நீம் இரண்டும் நேராகப் போயின. 18-ஆம் இடத்தில் இருந்த நாந்த், கீழ் டிவிஷனின் துலூஸோடு பிளே-ஆஃப் ஆடியது. வெளியே 2-1 வெற்றி, வீட்டில் 1-0 தோல்வி, மொத்தம் 2-2, வெளியூரில் அடித்த கோல் கணக்கில் மயிரிழையில் தப்பியது.

கே: நாங்கள் பாரிஸ் லாஷப்பலில் இருக்கிறோம், வீட்டில் பிள்ளைகள் எல்லாம் பிஎஸ்ஜி சட்டைதான். அண்ணா, கோபிக்காதீர்கள், லீல் ஒரு வருஷம் ஜெயித்துவிட்டு மறுபடி காணாமல் போனதுதானே? (பாரிஸ்)

ப: கோபம் எதற்கு தங்கச்சி, பிள்ளைகள் தங்கள் ஊர் அணிச் சட்டை போடுவதுதான் அழகு. நீங்கள் சொல்வதும் பாதி சரி. பட்டம் வாங்கிய சில நாளிலேயே கால்டியே ராஜினாமா செய்துவிட்டு நீஸ் அணிக்குப் போனார். மெனியான் ஏசி மிலானுக்கு, சுமாரே லெஸ்டருக்கு. அடுத்த சீசனில் லீல் லீக்கில் பத்தாம் இடம். பாரிஸுக்கு மெஸ்ஸி வந்தார், பட்டமும் திரும்பி வந்தது. 2022-இல் கால்டியேவும் காம்போஸும் பிஎஸ்ஜிக்கே போய்ச் சேர்ந்தார்கள். ஜெயித்தவனின் மூளையையே பணக்கார வீடு வாங்கிக்கொண்டது. இது எனக்கு இன்னமும் ஆறாத விஷயம்.

பாதி சரி என்றேன் அல்லவா, மீதி பாதி இது: 2021 ஆகஸ்ட் 1 அன்று டெல் அவிவில் நடந்த சாம்பியன்ஸ் டிராஃபியில் (பிரான்ஸின் லீக் சாம்பியனும் கோப்பை சாம்பியனும் மோதுகிற ஒரே ஆட்டம்) பிஎஸ்ஜியை மறுபடி 1-0 என்று அடித்தார்கள், ஷேக்காவின் கோல். சாம்பியன்ஸ் லீக்கில் சால்ஸ்பர்க், செவியா, வோல்ஃப்ஸ்பர்க் இருந்த பிரிவில் முதலிடம் பிடித்து அடுத்த சுற்றுக்குப் போய் செல்ஸியிடம்தான் தோற்றார்கள். உடனே காணாமல் போன அணி இல்லை.

கே: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. இந்த சீசனில் ஒரே ஒரு ஆட்டத்தை அவனுக்குக் காட்ட வேண்டும் என்றால் எதைக் காட்டட்டும்? (சேலம்)

ப: கடைசி நாள் ஆட்டம் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். இல்லை. 2021 ஏப்ரல் 25, லியோனில் நடந்த ஆட்டம். லியோனும் அப்போது பட்டப் போட்டியில் இருந்த அணி. 20-ஆவது நிமிடம் லியோனின் ஸ்லிமானி அடித்தார், 1-0. அரை மணி தாண்டியதும் கேப்டன் ஃபோன்ட் சேம் சைடு கோல் போட்டார், 2-0. அன்றைக்குத் தோற்றால் சீசனே கையை விட்டுப் போகும் என்ற நிலை. டிஃபென்ஸை நம்பி வாழ்கிற அணி, அந்த டிஃபென்ஸின் தலைவரே தன் வலையில் பந்தைத் தள்ளிவிட்டார்.

அப்போது உங்கள் மகனை ஸ்கோரைப் பார்க்கச் சொல்லாதீர்கள், ஃபோன்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருத்தரும் அவரைக் குறை சொல்லிக் கையை விரிக்கவில்லை. முதல் பாதி முடியும் நேரத்தில் ஒரு ஃப்ரீ கிக், புராக் யில்மாஸ் அடிக்கிறார், நேராக வலைக்குள். ஒரு மணி நேரம் ஆனபோது அதே புராக் எடுத்துக் கொடுக்க டேவிட் அடித்து 2-2. டிரா ஆனாலே போதும் என்று நினைத்திருக்கலாம், நினைக்கவில்லை. 85-ஆவது நிமிடம் மறுபடி புராக், 3-2. ஒரு காலியான மைதானத்தில், கைதட்ட ஓர் ஆள்கூட இல்லாமல், அந்தப் பையன்கள் அவர் மேல் விழுந்து புரண்டார்கள்.

முழு ஆட்டம் கிடைத்தால் முழுசாகவே காட்டுங்கள், கோல் மட்டும் இருக்கிற மூன்று நிமிட வீடியோ வேண்டாம். அந்த இரண்டு கோல் பின்தங்கியிருந்த பத்து நிமிடம் அதில் இருக்காது.